பனிக்காலத் தடம்: வாசகர் கேள்வி – பதில்

மார்கழி பிறந்ததும் வந்த கடிதங்களில் பல ஒரே சங்கதியைக் கேட்கின்றன: மழையே இல்லை, ரோடு வழுக்குகிறது, முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? வானிலையும் சாலைப் பொறியியலும் அறிந்தவர்களின் பதில்கள் இங்கே.

ஏனுங்க, பொழுதோட வரைக்கும் தடம் காஞ்சுதானுங்க கெடக்குது. வெடியால அஞ்சரைக்கு சிப்காட் ஷிப்டுக்குப் போறப்ப மட்டும் அந்த ஒரே வளைவுல பைக் சறுக்குது. முந்தின நாளே கண்டுபிடிக்க முடியுங்களா?
*– பெருந்துறை வாசகர்*

முடியும். ஆனால் செல்போன் காட்டும் ‘குறைந்தபட்ச வெப்பநிலை’யை மட்டும் வைத்து முடியாது. அது தரைக்கு மேலே நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் அளந்த காற்றின் சூடு. டயர் தொடுவது ரோட்டின் மேல்தோலை. அதன் வரவு செலவே வேறு. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்த தார், இரவு வானம் தெளிந்திருந்தால் அந்தச் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். கீழே உள்ள ஜல்லியும் மண்ணும் தாங்கள் சேர்த்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே அனுப்பி ஈடுகட்டப் பார்க்கும். செலவு வரவை மிஞ்சுகிற வரை மேல்தோல் குளிரும். அந்தக் குளிர்ச்சி ஒரு அளவுக்குக் கீழே போனதும் காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் நீராகப் படியும். அந்த அளவைத்தான் செல்போன் செயலியில் ‘ட்யூ பாயிண்ட்’ என்று போட்டிருப்பார்கள். தமிழில் பனிநிலை.

மதியம் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே இந்தப் பனிநிலையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது 17 டிகிரி, மறுநாள் காலைக்கான குறைந்தபட்சமும் 17 என்றால் வண்டி சீட், தகரக் கூரை, ஓரத்துப் புல் எல்லாம் நனையும். ரோட்டிலும் குளிர்ந்த இடங்கள் நனையும். குறைந்தபட்சம் 15 என்று போட்டிருந்தால் மூடுபனிக்கே வாய்ப்பு. சாயங்காலக் கணக்கு ஏன் ஆகாது என்றால், பொழுது சாய்ந்ததும் வயல் ஈரம் தரையை ஒட்டித் தேங்கி அளவைக் கூட்டிக் காட்டும். மதியத்தில் காற்று நன்றாகக் கலந்திருப்பதால் அந்த எண்ணை நம்பலாம். கோவைக்காரர்கள் பீளமேடு விமான நிலையத்தின் ‘மெட்டார்’ என்ற வானிலை அறிக்கையையும் இணையத்தில் பார்க்கலாம். அதில் 29/17 என்று இருந்தால் முதல் எண் காற்றின் வெப்பம், அடுத்தது பனிநிலை.

செயலி ஈரப்பதத்தை மட்டும் காட்டினால் ஒரு கைக்கணக்கு உண்டு. 100இல் இருந்து ஈரப்பதத்தைக் கழித்து 5ஆல் வகுத்து, வருவதை வெப்பநிலையில் கழியுங்கள். இரவு 8 மணிக்கு 24 டிகிரி, ஈரப்பதம் 75 என்றால் 25ஐ 5ஆல் வகுக்க 5, பனிநிலை 19. ஈரப்பதம் 50க்குக் கீழே இருக்கும்போது இந்தக் கணக்கு ஏமாற்றும். அதனால் மதிய வெயிலுக்கு இதைப் போடாதீர்கள்.

இத்தனையும் வானம் தெளிந்து, காற்று ஓய்ந்த இரவுக்குத்தான். மப்பு போட்டிருந்தால் மேகம் சூட்டைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலே உள்ள வெதுவெதுப்பான காற்று தரைக்கு வந்து கலந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்குக் காற்று ஓடுகிற இரவில் மதுக்கரைப் பக்கம் ரோடு காய்ந்து கிடக்க, கோபி வாய்க்கால் பாசனத்தில் ஓரத்துப் புல்லெல்லாம் சொட்டச் சொட்ட நிற்பது இதனால்தான்.

அடுத்தது, கொஞ்சம் பனிநீர் ஏன் இவ்வளவு வழுக்குகிறது? ஓர் இரவில் படிவது பெரும்பாலும் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர்தான். 0.1 என்றால் சதுர மீட்டருக்கு 100 மில்லி, ஒரு சின்ன டம்ளர் தண்ணீர். பத்து நிமிடம் நல்ல மழை பெய்தால் ரோட்டிலுள்ள தூசி, டயர்த்தூள், எண்ணெய் எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். பனிநீருக்கு ஓடுகிற அளவு கிடையாது. அழுக்கோடு குழைந்து களிம்பாகி அங்கேயே கிடக்கும். கண்ணால் பார்த்தால் ரோடு ஈரமாகக்கூடத் தெரியாது, லேசாகக் கறுத்திருக்கும், அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்க: வண்டி எதுவும் வராதபோது ரோட்டோரத்தில் ஒரு துண்டு செய்தித்தாளைப் போட்டு, செருப்புக் காலால் அழுத்தி எடுங்கள். சாம்பல் நிறப் பொடி ஒட்டினால் காய்ந்த ரோடு. கறுப்பாக அப்பி, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழவழவென்று ஓடினால் களிம்பு இறங்கிவிட்டது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நல்ல காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 9 மீட்டரில் நிற்கும். பிடிமானம் பாதிக்கும் கீழே போய்விட்டால் 20 மீட்டரைத் தாண்டும். வளைவில் சாய்ந்து போகும் பைக்குக்கு இந்தக் கணக்குக்கூடக் கிடையாது; முன்சக்கரம் போனால் போனதுதான்.

அந்த ஒரே வளைவு ஏன்? நேரில் பாராமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பார்க்க வேண்டியவை இவை. மேலே புளியமரம் கவிந்திருந்தால் இலைகளில் திரண்ட பனி சொட்டி அடியில் மட்டும் நனைந்திருக்கும். மாலை வெயில் படாத இடமாக இருந்தால் தார் சூடு சேர்த்திருக்காது. பக்கத்தில் வாய்க்கால் ஓடினால் ஈரக்காற்று தாழ்வில் வந்து தேங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, டேங்க் நிறைய டீசல் போட்ட வண்டிகள் அதைச் சிந்துவது நேர் ரோட்டில் அல்ல, வளைவில்தான். நாலும் ஓரிடத்தில் கூடினால் கேட்கவே வேண்டாம்.

ரோட்டின் வெப்பத்தை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கினேன். காலையில் ஒரே இடத்தில் மூன்று முறை அளந்தால் மூன்று எண் வருகிறது. கருவி பழுதா?
*– திருப்பூர் பொறியியல் மாணவர்*

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. கதகதப்பான அறையிலிருந்து எடுத்துப் போய் உடனே அளந்திருப்பீர்கள். கருவியின் உடம்பும் வெளிக்காற்றின் சூட்டுக்கு வர வேண்டும். 20 நிமிடம் வெளியே வைத்துவிட்டு அளங்கள்.

தூரமும் முக்கியம். பெட்டியில் 12:1 என்று போட்டிருந்தால் 1.2 மீட்டர் தள்ளி நின்றால் 10 சென்டிமீட்டர் வட்டத்தின் சராசரி கிடைக்கும். சாய்வாகப் பிடித்தால் வட்டம் நீண்டு ஓரத்து மண்ணையும் சேர்த்துக்கொள்ளும். நேர் செங்குத்தாகக் கீழே பிடியுங்கள். சிவப்புப் புள்ளி குறி பார்க்கத்தான், அளப்பது அந்தப் புள்ளியை மட்டுமல்ல. உமிழ்திறன் (ஒரு பரப்பு எவ்வளவு நன்றாக வெப்பத்தை வெளிவிடுகிறது என்ற அளவு) என்ற அமைப்பு இருந்தால் 0.95 வையுங்கள், தாருக்குச் சரியாக இருக்கும். மேம்பாலத்து இரும்பு இணைப்பு, பளபளக்கும் மேன்ஹோல் மூடி இவற்றை அளக்கவே அளக்காதீர்கள். அவை வானத்தின் குளிரைக் கண்ணாடி போலத் திருப்பிக் காட்டும். இல்லாத குளிரைக் கருவி சொல்லும். நெற்றிக்குப் பிடிக்கும் காய்ச்சல் தெர்மாமீட்டரும் உதவாது. அது மனித உடம்புச் சூட்டை ஒட்டிய எல்லைக்குள் மட்டுமே அளக்கும்.

வீட்டிலேயே சரிபார்க்கலாம். வாய் அகன்ற பாத்திரத்தில் உடைத்த ஐஸ் நிறைய, அது மூழ்கும் அளவு தண்ணீர். நன்றாகக் கலக்கி நீர்ப்பரப்பை அளங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டினால் எல்லா அளவிலும் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இந்த விலைக் கருவிகளில் 2 டிகிரி வரை பிசகு சகஜம் என்பதால் ஓர் எண்ணை மட்டும் நம்பாமல் இடத்துக்கு இடம் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். பாலம், மரநிழல், திறந்த வெளி, தாழ்வு என்று பத்து இடம் தேர்ந்தெடுத்து, சூரியன் வருவதற்கு முந்தைய அரை மணிக்குள் அனைத்தையும் அளந்து முடியுங்கள். தெளிந்த இரவு, அரைமப்பு இரவு, மூட்டமான காற்றுள்ள இரவு என மூன்று வகையிலும் ஒரு முறை. குளிர்நாட்டு நகரங்களில் வண்டியின் அடியில் இதே வகைக் கருவியைக் கட்டி ஊர் முழுக்க ஓட்டி வெப்ப வரைபடம் எடுப்பதும் இந்த மூன்று வகை இரவுகளில்தான். தெளிந்த இரவில் இடத்துக்கு இடம் வித்தியாசம் பெரிதாக இருக்கும். மூட்டமான இரவில் ஊரெல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். அந்த வரைபடம் கையில் இருந்தால் ஓரிடத்துக் கணிப்பை ஊர் முழுவதற்கும் விரிக்கலாம். உங்கள் புராஜெக்டுக்கு இதைவிட நல்ல தலைப்பு வேண்டியதில்லை.

மகன் கனடாவில் இருக்கிறான். வண்டியின் திரை பிளஸ் 2 என்று காட்டியதாம். ரோட்டில் பனிக்கட்டி, வண்டி சுற்றிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூஜ்யத்துக்கு மேலே எப்படிங்க உறையும்?
*– காங்கேயம் வாசகி*

நல்லபடியாக முடிந்ததே, அது போதும். வண்டியின் உணரி முன்பக்கத்தில் இருந்து காற்றின் வெப்பத்தைச் சொல்கிறது. தெளிந்த இரவில் ரோட்டின் மேல்தோல் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். பல வண்டிகள் 3 அல்லது 4 டிகிரியிலேயே பனிச் சின்னம் காட்டி ஒலி எழுப்புவது இதற்காகத்தான். மகனிடம் சொல்லுங்கள்: சாயங்காலம் மழையோ ஈரப்பனியோ பெய்து, அப்புறம் வானம் சட்டென்று தெளிந்தால் அதுதான் மோசமான இரவு. ஈரமும் இருக்கிறது, மேக மூடியும் திறந்துவிட்டது. தார் கறுப்பு அப்படியே தெரியும்படி கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். எதிரே போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து தெறிக்கும் தூவானம் திடீரென்று நின்றுபோனால், ரோடு காய்ந்துவிட்டது என்று நினைக்காமல் உறைந்துவிட்டது என்று முதலில் நினைக்க வேண்டும்.

அங்கே இதைக் கணிக்க முறையான ஏற்பாடு உண்டு. கனடாவின் வானிலைத் துறையில் உருவான ‘மெட்ரோ’ என்ற கணினி மாதிரி 2001இல் ஆய்விதழில் வெளியானது. ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரோட்டின் சுற்றுச்சூழல், வெப்பநிலை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். ரோட்டுக்குள் புதைத்த உணரி மேல்தோலின் வெப்பத்தையும், அதற்குக் கீழே சுமார் 40 சென்டிமீட்டர் ஆழத்து வெப்பத்தையும் தரும். வானிலைக் கணிப்பிலிருந்து மேகம், காற்று, பனிநிலை, மழை வந்து சேரும். இரண்டையும் வைத்து வெயில் வரவு, வானத்துக்குப் போகும் செலவு, தரையிலிருந்து ஏறும் சூடு, நீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் எல்லாம் போட்டு, ரோட்டில் எந்த நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் நீர், எத்தனை பனிக்கட்டி என்று சொல்லும். பின்லாந்தின் வானிலை நிறுவனத்திடமும் இப்படி ஒரு மாதிரி உண்டு. இவற்றைப் பெரும்பாலும் கவிழ்ப்பது மேகம். இரவு முழுக்க மப்பு என்று கணித்திருக்க, இரண்டு மணி நேரம் வானம் திறந்துகொண்டால் போதும், பிளஸ் 1 என்றது மைனஸ் 1 ஆகிவிடும். பத்து டிகிரியில் நிற்கும் ஊருக்கு அது பொருட்டே இல்லை. பூஜ்யத்தில் நிற்கும் ஊருக்கு அதுவே எல்லாம்.

பனிக்கட்டி பிடிக்காமலிருக்க ரோட்டில் உப்பு எப்போது போடுவது என்ற முடிவும் இந்தக் கணிப்பில்தான் தொங்குகிறது. உறைவதற்கு முன்பே போட்டால் சதுர மீட்டருக்கு 10 கிராம் அளவே பல இரவுகளுக்குப் போதும். உறைந்தபின் போட்டால் பல மடங்கு வேண்டும். சாதா உப்பு மைனஸ் 9 டிகிரி வாக்கில் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். கரைசலாக 23 சதவீதத்தில் கலந்தால் மைனஸ் 21 வரை உறையாது என்பது சோதனைக்கூடக் கணக்கு. ரோட்டில் உருகும் பனி அதை நீர்க்கவைத்துவிடும்.

ஊட்டியில் உறைபனி என்று டிவியில் காட்டுகிறார்கள். ஞாயிறு அதிகாலை மேட்டுப்பாளையம் வழியே காரில் ஏறலாமா? அங்கேயும் ரோட்டில் உப்புப் போடலாமே?
*– கவுந்தப்பாடி வாசகர்*

ஏறலாம். டிவியில் காட்டுவது புல்வெளியில் படிந்த வெண்பனி. புல்லுக்குத் தரையிலிருந்து சூடு வருவதில்லை, இலை மெல்லியது, அதனால் காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே புல் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். தார் ரோடு பகலில் வாங்கிய வெயில் அவ்வளவு சுலபத்தில் தீராது. 11 டிகிரி அட்சரேகையில் தை மாத வெயில்கூடக் கனடா வெயில் இல்லை. தலைகுந்தா, குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வுகளில் நிறுத்திய கார்களின் மேல் படிவதைப் பார்த்துவிட்டு ரோடும் உறைந்திருக்கும் என்று பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது மலைச்சரிவில் ஊற்று கசிந்து ரோட்டைக் கடக்கும் நிழல் வளைவுகளை. முன்கண்ணாடியில் படிந்த பனியைக் கொதிக்கிற வெந்நீர் ஊற்றிக் கரைக்காதீர்கள், விரிசல் விடும். பழைய ஏ.டி.எம். கார்டின் ஓரத்தால் சுரண்டினால் போதும்.

உப்பு வேண்டாம். உறையாத ரோட்டில் உப்பு என்பது பாலத்துக் கம்பியைத் துருப்பிடிக்க வைத்து, ஓடைக்குள் போய்ச் சேரும் வீண் செலவு.

‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பதற்கு அறிவியல் அர்த்தம் உண்டா?
*– பவானி, ஓய்வுபெற்ற ஆசிரியர்*

முதல் பாதிக்கு நிச்சயம் உண்டு. வடகிழக்குப் பருவமழை தையில் ஓய்ந்து வானம் தெளிகிறது. மண்ணில் மழை ஈரம் இன்னும் பாக்கி இருக்கிறது. மூடி இல்லாத வானத்துக்குத் தரை சூட்டை இறைக்கிறது. பனிக்கு வேண்டிய மூன்றும் கைவசம். மாசியில் வெயில் ஏறி மண் காய்ந்து, தரை பகலில் நிறையச் சூடு சேர்த்துவிடுகிறது. தரையைத் தொடாத மச்சுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. பழமொழி சொன்னவர் இவ்வளவும் நினைத்திருப்பாரா என்பது வேறு விஷயம். ஆனால் மச்சுக்குப் பதில் மேம்பாலம் என்று வைத்துப் படித்தால் அடுத்த கேள்விக்கும் பதில் ஆகிறது.

கோவையில் மேம்பாலங்கள் மேல் காலையில் வண்டி நழுவுவது போலிருக்கிறது. கீழே உள்ள ரோட்டில் அப்படி இல்லை. பிரமையா?
*– சிங்காநல்லூர் வாசகி*

பிரமை இல்லை. பாலத்தின் தளத்துக்கு மேலும் காற்று, கீழும் காற்று. அடியிலிருந்து மண் சூடு வராது. குளிர்நாடுகளில் ‘பாலம் முதலில் உறையும்’ என்று பலகை வைப்பார்கள். நம் ஊரில் பாலம் முதலில் நனையும். அதிலும் நனைந்ததும் தளத்தைவிட அதிகம் வழுக்குவது இரண்டு: தளங்களுக்கு இடையே குறுக்காக ஓடும் இரும்பு இணைப்பும், தடித்த வெள்ளைப் பெயிண்ட் கோடுகளும். இரும்பில் பிடிமானமே இல்லை. கோட்டில் சொரசொரப்பு குறைவு. ஸ்கூட்டரில் போனால் இணைப்பை நேராக, பிரேக் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரைத் திருகாமல் கடந்துவிடுங்கள். சாய்ந்தபடி கடக்கும்போதுதான் நழுவும். டயர்ப் பள்ளம் இருசக்கர வண்டிக்குச் சட்டப்படி 0.8 மில்லிமீட்டர் இருந்தால் போதும். பனிக்காலத்துக்கு அது போதாது. ஒன்றரைக்குக் குறைந்ததும் மாற்றிவிடுவது நல்லது.

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிறோம். மூடுபனி எத்தனை மணிக்கு விலகும்?
*– தாராபுரம் வாசகர்*

பலரும் ஏமாறுவது இங்கேதான். சூரியன் வந்ததும் விலகும் என்று நினைக்கிறோம். சூரியன் வந்த முதல் அரை மணி, முக்கால் மணியில் பனி பெரும்பாலும் இன்னும் அடர்த்தியாகும். புல்லில் படிந்த நீர் ஆவியாகி மேலேறுகிறது, அதுவரை அசையாத காற்று லேசாகக் கலங்கித் தரையில் கிடந்த பனியைத் தூக்குகிறது. அதன் பிறகுதான் கரையத் தொடங்கும். 8 மணி, தடித்த நாளில் 9 ஆகலாம். ஆறரையிலிருந்து ஏழரை வரை நடையை நிறுத்தி டீ குடிக்க உட்கார்ந்தால் தப்பில்லை. நடந்தே ஆக வேண்டுமென்றால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில். பச்சை வேட்டியும் காவியும் பனியில் தெரியாது. முதல் ஆளும் கடைசி ஆளும் ஒளிரும் பட்டை கட்டுங்கள். அது முதுகில் இருப்பதைவிடக் கணுக்காலில் அசைந்தால் டிரைவர் கண்ணில் சீக்கிரம் படும்.

திம்பம் மலைப்பாதையில் காலை நேரத்தில்தான் வண்டிகள் அதிகம் மாட்டுகின்றன. ஏன்?
*– சத்தியமங்கலம் வாசகர்*

இரவுத் தடை முடிந்து 6 மணிக்குப் பண்ணாரிச் சோதனைச்சாவடி திறந்ததும் காத்திருந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. ரோடு அந்த நாளிலேயே அதிகம் குளிர்ந்து, அதிகம் நனைந்திருப்பதும் ஏறக்குறைய அந்த நேரம்தான். 27 கொண்டை ஊசி வளைவுகளில் முன்னால் போகும் லாரி ஒவ்வொன்றிலும் திணறி நிற்கும். பின்னால் ஒட்டிப் போகிறவர் ஈரத்தில் ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டிவரும். அங்கேதான் சக்கரம் சுழன்று வண்டி பின்னுக்கு வருகிறது. அரை மணி தள்ளி ஏறுங்கள். அல்லது முன் வண்டி வளைவை முழுதாக முடித்தபின் நீங்கள் வளைவுக்குள் நுழையுங்கள்.

எங்க பக்கம் தையில கொள்ளும் சோளத்தட்டும் ரோட்டுல பரப்பி வெச்சிடறாங்க. பனியோட சேர்ந்து அது வழுக்காதுங்களா?
*– பொங்கலூர் வாசகர்*

வழுக்கும், இரண்டு விதத்தில். காய்ந்திருக்கும்போது கொள்ளு மணிகள் டயருக்கடியில் குண்டுமணி போல உருளும். நனைந்தால் தட்டு நாராகி ரோட்டோடு ஒட்டி வழவழக்கும். இரவில் பரப்பியே விட்டால் கீழே உள்ள தார் காலையில் வெயில் பட்டும் வெகு நேரம் காயாது. கார்களுக்கு இன்னொரு தொந்தரவு: தட்டு அச்சில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் புகைய ஆரம்பிக்கும். கருகல் வாசம் வந்தால் ஓரம் கட்டி, குனிந்து பார்த்து உருவிவிட்டுத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.